பதினோராவது ஆள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவின் வருடப் பூசைக்கு வந்து முழந்தாளிட்ட ஊராருக்கும் தம்பியின் கும்பிடு. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "சுருக்கமாச் சொல்லுங்கப்பா, அச்சாபீசுல நாலு பக்கம்தான் எடம்" என்கிறாள். எனக்குச் சுருக்கத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்ததும் நான் பிறந்ததும் காரிமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். சந்தைக்கு நடந்து போய்ப் பொழுது சாய்வதற்குள் நடந்தே திரும்பிவிடலாம். மேட்டு நிலம். மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் கொள்ளு, அதுவும் இல்லாவிட்டால் கல். வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஐந்து மட்டும். கோயில் என்று ஒரு கூரைக் கொட்டகை இருந்தது. சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் செபம் சொல்லுவார். உபதேசியாருக்கு அப்போதே முன்பல் இரண்டும் போய்விட்டதால், பிரார்த்தனை சொல்லும்போது காற்றுதான் அதிகம் வரும். இது இந்த இடத்தில் தேவையில்லை என்கிறாள் மகள். ஆனால் அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

எங்கள் அம்மா என்னைப் பெற்ற மூன்றாம் வருடம் கண்ணை மூடினார். அப்பா ஒற்றை ஆள். நான் கொஞ்சம் வளர்ந்ததும் ஆட்டுக்குப் பின்னால் போனேன். அக்காவைச் சேலம் பக்கம் ஒரு கன்னிமார் மடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே மூன்று வருடம் இருந்து எழுத்து, தையல், செபம் எல்லாம் கற்றுக்கொண்டு வந்தார். கூடவே ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்கும் ஆண்டவர் துணைக்கு ஒரு தூதரை அனுப்புகிறார், அவருக்குக் காவல் சம்மனசு என்று பேர், அவர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார், ஆகையால் உட்காரும்போது அவருக்குப் பாதி இடம் விட்டு உட்காருங்கள் என்று மடத்து அம்மாமார் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். மற்றப் பிள்ளைகள் வளர்ந்ததும் மறந்திருப்பார்கள். அக்கா மறக்கவில்லை.

கயிற்றுக் கட்டிலில் ஓரமாக உட்காருவார். வரப்பில் போகும்போது ஒரு பக்கமாக ஒதுங்கி நடப்பார். கேழ்வரகு அரைக்கும்போது திருகைக் குச்சியின் கீழ்ப்பாதியை மட்டும் பிடிப்பார். மேல்பாதி காலியாக இருக்கும். இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அரைக்கும் திருகை அது. அக்கா தனியாக அரைப்பதைப் பார்த்தால், எதிரே இருந்தவர் இப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார் என்று தோன்றும்.

அப்பா ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏம் புள்ள, பாதிக் கட்டில எதுக்குக் காலியா வுட்டிருக்கற?"

"சம்மனசு உக்காரட்டுமேப்பா."

"உக்காரட்டும், உக்காரட்டும். ஒன் சம்மனசு ஒரு கை கொள்ளு பொடைச்சுக் குடுக்குமான்னு கேளு. குடுக்கறதா இருந்தா முழுக் கட்டிலயும் வுட்டுட்டு நான் தரையில படுத்துக்கறேன்."

அக்கா சிரிக்காமல் பக்கத்தில் திரும்பி, "அப்பா வெளையாட்டுக்குச் சொல்றாரு, நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார். அப்பா அதன்பிறகு அந்தக் கட்டிலில் உட்காருவதையே விட்டுவிட்டார்.

நான் தனியாகக் கேட்டிருக்கிறேன். "நெஜமாவே தெரியுதாக்கா?" என்று. "அடுப்புப் பக்கம் உக்காந்தா ஒரு பக்கம் மட்டும் சூடு தெரியுமில்ல, அப்பிடிடா. திரும்பிப் பாக்கணும்னு இல்ல" என்றார். எனக்கு அந்தச் சூடு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆனால் அக்காவின் அந்தப் பக்கத்தில் நானும் உட்கார்ந்ததில்லை.

இண்டூர் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாமா நல்லவர், வாயில்லாதவர். உலகச் சண்டைக்கு ஆள் எடுத்தபோது போனவர், ஒரே ஒரு கடுதாசி போட்டார், அதோடு சரி. அக்கா கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். அப்பாவும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். நானும் அக்காவும் அந்தப் பெண்குழந்தையும்தான் வீடு. குழந்தைக்கு மூன்று வயது ஆகும்போது காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் விடிகிற நேரத்தில் போய்விட்டது. அக்கா அழவில்லை. புதைத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார், வழக்கம்போல ஓரமாக. வெகுநேரம் கழித்து, "தம்பி, பக்கத்தால ஆறிப்போச்சுடா" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தச் சூடு போய்விட்டது என்கிறார். "ஒண்ணுமே தெரியல. வெறும் எடம்" என்றார்.

இதற்குப் பிறகுதான், இத்தனை நாள் அக்காவுக்கு மட்டும் இருந்தது மற்றவர்களுக்கு இருக்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு கல்யாணப் பந்தியில். பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம், எங்களோடு நல்ல பழக்கம், கும்பிடுகிற சாமி வேறு என்றாலும் கூப்பிட்டால் போவோம். அன்று அக்கா மட்டும் போனார், நடந்ததை வந்து சொன்னார். பட்டப்பகல். சண்டைக்காலம், அரிசிச் சோறு பார்ப்பதே அபூர்வம், ஆளுக்கு ஓர் இலை என்று எண்ணிப் போடுகிறார்கள். அக்கா பந்திப்பாயில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். இலை போட்டு வந்தவர் அந்தக் காலி இடத்திலும் இலை போட்டார். அடுத்து வந்தவர் தண்ணீர் தெளித்தார். அடுத்தவர் சோறு வைத்தார், அடுத்தவர் குழம்பு ஊற்றினார். நான்கு பேர். ஒருத்தருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கடைசியில் மோர் கொண்டுவந்தவர்தான் குனிந்து, "ஏனுங்க, ஒண்ணும் தொடாமெ வெச்சிருக்கறீங்களே, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று அந்த இடத்தைப் பார்த்துக் கேட்டார். கேட்டவர் அப்படியே நிமிர்ந்து நின்றார். மோர்ச் சொம்போடு பந்தியைத் தாண்டிப் போனவர் திரும்பி வரவில்லை.

அக்கா அந்த இலைச் சோற்றை வீணாக்க மனமில்லாமல் துணியில் கட்டிக்கொண்டு வந்து எனக்குப் போட்டார். நான் பசியோடுதான் இருந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அந்தக் கோடையில் ஊர்க்கிணறு வற்றியது. அடியில் பாறை. வேட்டு வைத்து உடைத்து ஆழப்படுத்த வேண்டும். வேட்டு வைக்க வந்தவர் நரசப்பண்ணன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் தமிழில் கலகலவென்று பேசுவார். ஆனால் ஆட்களை எண்ணும்போது மட்டும் தெலுங்கில்தான் எண்ணுவார். "எண்ணிக்கை தப்புனா உசுருங்க. தாய்ப்பாலோட வந்த பாசையிலதான் தப்பு வராது" என்பார். காலையில் இறங்கும் ஆட்களை எண்ணுவார். வேட்டு வைக்குமுன் ஏறும் ஆட்களை எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் திரியில் நெருப்பு வைப்பார். பேரைக் கேட்கமாட்டார், முகத்தையும் பார்க்கமாட்டார், தலையைத்தான் எண்ணுவார். கிணறு வெட்டுகிற எல்லா இடத்திலும் அப்படித்தான்.

அன்றைக்கு இறங்கியவர்கள் பதினொரு பேர். அதில் அக்காவும் நானும் உண்டு. பெண்கள் கூடையில் கல் சுமந்து ஏறுவார்கள், ஆண்கள் அடியில் உடைப்போம். கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கற்கள்தான் படி. ஒரு கல்லுக்கு ஒரு கால். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடியும், இறங்க முடியும். அன்று வேட்டுக்குழி போட்டிருந்தது அடியில் இல்லை, பாதி உயரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையில். உச்சிப் பொழுதுக்கு நரசப்பண்ணன் அந்தப் பாறைமேல் நின்றுகொண்டு, "ஏறுங்க, ஏறுங்க" என்று சத்தம் போட்டார். எல்லாரும் ஏற ஆரம்பித்தார்கள்.

நான் ஏறவில்லை. என் கடப்பாரை ஒரு வெடிப்பில் சிக்கிக்கொண்டது. சண்டைக்காலத்தில் இரும்பு கிடைக்காது. அது போனால் வேறு வாங்க வழியில்லை. இழுத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பாறை மறைத்ததால் நான் அவர் கண்ணில் படவில்லை. மேலே அவர் எண்ணுவது மட்டும் கேட்டது. ஒகட்டி, ரெண்டு, மூடு. அவர் குரல் கிணற்றுக்குள் சுற்றி வரும். எனமிதி. தொம்மிதி. பதி. நான் இன்னும் கீழே இருக்கிறேன், ஆகவே பத்தோடு நிற்பார், என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டே கடப்பாரையை ஆட்டினேன்.

"பதகொண்டு" என்றார்.

பதினொன்று. பிறகு திரி சீறும் சத்தம். அவர் கால் வேகமாகப் படியேறிப் போகும் சத்தம்.

நான் கத்தினேன். தொண்டையில் தூசி. மேலே அக்காவின் குரல் கேட்டது. "எந்தம்பி எங்க? எந்தம்பி ஏறலீங்க!"

"பதகொண்டு எண்ணிட்டேன்மா! எல்லாரும் வந்தாச்சு!"

"தலைய எண்ணினீங்க. எந்தம்பி எங்கன்னு சொல்லுங்க!"

நான் அண்ணாந்து பார்த்தேன். சூரியன் நேர் உச்சியில். அக்கா திரியை அணைக்கப் படியில் இறங்குகிறார். ஐந்தாம் படியிலோ ஆறாம் படியிலோ இரண்டு பெண்கள் அவர் சேலையையும் கையையும் பிடித்துக்கொண்டார்கள். அக்காவின் கால் பட்டுப் பொடிக்கல் என் முகத்தில் விழுந்தது. அவரால் அதற்குமேல் வர முடியவில்லை.

அக்காவின் பக்கத்தில் இருந்தவரை யாரும் பிடிக்கவில்லை. அவர் இறங்கி வந்தார்.

ஆணா பெண்ணா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தலையில் முக்காடு போல வெளுப்பாக ஒன்று. சுவரைப் பிடிக்கவில்லை. சமதரையில் நடப்பதுபோல அந்த ஒற்றைக் கற்களில் இறங்கினார். ஒரு பொடிக்கல்கூட உதிரவில்லை. திரிப் புகையைத் தாண்டி வந்தார், புகை அசையவில்லை. முகம் இருக்க வேண்டிய இடம் என்னைப் பார்த்தபடியே வந்தது.

எனக்கு ஆறுதல் வந்தது என்று இந்த மலரில் எழுதினால் அழகாக இருக்கும். வந்தது பயம். வேட்டு எனக்கு மறந்தே போனது. அதனிடமிருந்து ஒளிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், ஊற்றுத் தேடி அடிச்சுவரில் குடைந்திருந்த பொந்துக்குள் புகுந்து, முகத்தைப் பாறையில் வைத்து அழுத்திக்கொண்டேன். கடைசிப் படியும் முடிந்து, அது எனக்குப் பின்னால் பொந்து வாயில் வந்து நின்றது எனக்குத் தெரியும். முதுகில் ஒரு பக்கம் மட்டும் சூடு தெரிந்தது.

அப்புறம் வேட்டு வெடித்தது.

நான் நின்றிருந்த இடத்தில் மாட்டுத்தலை அளவு கற்கள் ஏழெட்டு கிடந்தன. கடப்பாரை வளைந்து போயிருந்தது. எனக்கு இடது காது மட்டும் கேட்காமல் போயிற்று. உடம்பில் வேறு கீறல் இல்லை.

என்னை மேலே தூக்கிப் போட்டபோது ஊரே கூடிவிட்டது. ஊர்க்கவுண்டர் நரசப்பண்ணனைப் பார்த்து, "என்னய்யா எண்ணின நீ?" என்றார். நரசப்பண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "பதகொண்டுங்க. எங்கொழந்தைங்க மேல சத்தியம். இந்தம்மா பக்கத்தால ஒராளு ஏறுச்சுங்க. ரெண்டு பேரும் சோடியா ஏறுனாங்க. ஒத்தக்கல்லுல எப்பிடி ரெண்டு பேரு ஏறுவாங்கன்னு அப்ப எனக்குத் தோணலீங்க."

கூட்டம் அக்காவை விட்டு இரண்டு அடி பின்வாங்கியது. "காலையில எறங்கும்போது பதினொண்ணுதான. ஏறும்போது எப்பிடி ஒண்ணு கூடுச்சு? கெணத்துல இருந்ததுதான் அவ கூட ஏறியிருக்குது" என்றாள் ஒருத்தி. "இனி இவ தண்ணி எடுத்தா நாம எடுக்க முடியுமா?" என்றாள் இன்னொருத்தி. வேப்பிலை அடிக்கிற ஆளைக் கூட்டி வரவேண்டும், சரிப்படாவிட்டால் ஊரைவிட்டே அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு வளர்ந்தது. ஊர்க்கவுண்டர் என்னிடம் குனிந்தார்.

"கீழ இருந்து பாத்தவன் நீதான். உள்ளதச் சொல்லு. அவ பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

நான், "இல்லீங்க, அக்கா மட்டுந்தான். எண்ணினது தப்பு" என்றேன்.

அதோடு கூட்டம் கலைந்தது. அக்காவுக்குத் தண்ணீர் மறுக்கப்படவில்லை. நரசப்பண்ணனை அதன்பிறகு எந்தக் கிணற்றுக்கும் எண்ணக் கூப்பிடவில்லை. சுற்றுவட்டாரமெல்லாம் அவருக்குப் 'பதகொண்டு' என்றே பட்டப்பேர் வைத்தார்கள். வேட்டுத் தொழில் செய்தவர் கடைசிவரை கல் சுமந்தார். பிள்ளைகளையும் அந்தப் பேரால்தான் கூப்பிட்டார்கள்.

அன்று சாயந்திரம் அக்கா என் காதில் எண்ணெய் விட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, காலையில எறங்கும்போது நான் வேணும்னே எடம் வுடலடா. பாப்பா போயி இன்னியோட ஒரு வருசம். கோவம். சுவத்தோட ஒட்டிக்கிட்டு எறங்குனேன், வராத போ அப்பிடின்னு. ஏறும்போது மனசு கேக்கல, எடம் வுட்டேன். அப்பத்தான அவரு ஒராளு கூடுதலா எண்ணினாரு? எனக்கு ஒண்ணுமே தெரியலடா. வெறும் எடமாத்தான் இருந்துச்சு. நீ பாத்தியா? எனக்கு மட்டும் சொல்லு."

இப்போது நினைத்தால், அக்கா தன் உயிரையே கையில் வைத்துக்கொண்டு கேட்டார் என்று தெரிகிறது. ஆண்டவர் தன்னை விட்டுப் போய்விட்டாரா, இருக்கிறாரா என்பதுதான் அவர் கேட்டது. எனக்கு அப்போது அந்த முகமில்லாத முகம்தான் கண்ணில் நின்றது. 'ஆமாம்' என்று சொன்னால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று பயந்தேன்.

"இல்லக்கா. யாருமே இல்ல" என்றேன்.

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "செரி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் கோயிலில் அக்காவைக் கூப்பிட்டார். "இனிமே எடம் கிடம் வுடாத தாயி. பொம்பளைங்களோட நெருக்கி உக்காரு. ஊரு வாய்க்கு நான் பதில் சொல்ல முடியல. ஒன் தம்பியே யாருமில்லன்னு சொல்லிட்டான்" என்றார்.

அக்கா சொன்ன பதில் இன்னும் என் வலது காதில் இருக்கிறது. "இருந்தா எடம் வுடறது பெரிய காரியமுங்களா, உபதேசியாரே? இல்லாதப்ப வுட்டாத்தானுங்க அது நான் குடுக்கறது. வர்றது அவரு பாடு."

உபதேசியார் முன்பல் இல்லாத வாயால் செபத்தை ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அக்கா நாற்பது வருடத்துக்குமேல் வாழ்ந்தார். ஊரில் யாருக்குப் பிள்ளைப்பேறு என்றாலும், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய் உட்காருவார். சாகிறவர்கள் பக்கத்தில் உட்காரப் பயப்படமாட்டார். எந்தச் சாமி கும்பிடுகிற வீடு என்றும் பார்க்கமாட்டார். என் பிள்ளைகளை வளர்த்தவர் அவர்தான். அத்தனை வருடமும் கட்டிலில், பேருந்தில், கோயில் பாயில், திருகையில், அந்தப் பாதி இடத்தை விட்டுக்கொண்டேதான் இருந்தார். "சூடு தெரியுதாக்கா?" என்று வருடத்துக்கு ஒருதரம் கேட்பேன். "இல்லடா" என்பார். மற்றவர்கள் கண்ணில் அந்த ஆள் படுவதும் கிணற்றோடு நின்றுபோனது. அல்லது பார்த்தவர்கள், என்னைப் போல, சொல்லவில்லை.

கடைசியில் தருமபுரி ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தார். இரும்புக் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருப்பார். "நடுவுல படுங்க பாட்டி, வுழுந்துட்டா எங்க உசுர எடுப்பாங்க" என்று நர்சம்மா தினமும் தள்ளிப் படுக்க வைப்பார். அவர் போனதும் அக்கா மறுபடி ஓரத்துக்கு வந்துவிடுவார். பதினாறாம் நாள் மத்தியானம், வார்டில் எல்லாரும் கண்ணயர்ந்திருந்தபோது, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முக்காடு, புகை, பொந்து, முதுகில் தெரிந்த சூடு, எல்லாம்.

அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"எத்தினி படி எறங்குனாரு?"

"எல்லாப் படியும்க்கா. அடி வரைக்கும் வந்தாரு."

"ஒங்கிட்டவா வந்தாரு?"

"ஆமாக்கா."

அக்காவின் கண்ணோரம் ஈரமானது. எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். திட்டும் விழுந்தது, ஆனால் நான் எதிர்பார்த்ததற்கு அல்ல.

"ஏன்டா பாவி. எனக்குச் சொல்லாட்டிப் போவுது, நான் எப்பிடியோ இருந்துட்டேன். அந்த நரசப்பண்ணன் என்னடா பண்ணினாரு? சாவற வரைக்கும் தன் கண்ணையே நம்பாம செத்திருப்பாரேடா. போ. அவரு புள்ளைங்ககிட்டப் போயிச் சொல்லு. நாலு பேரு முன்னால சொல்லு."

மறுநாள் விடியற்காலையில் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

அக்காவுக்குக் கடைசிச் சடங்கு நடத்த மழையில் வந்த சாமியாருக்கும், ஆஸ்பத்திரியில் கைமாற்றிப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த ஆறு பேருக்கும், அழுத வீட்டுக்கு மூன்று நாள் சோறாக்கி அனுப்பிய அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்த உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நரசப்பண்ணனின் மக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த மலரை நானே கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன். அவர்களுக்கு இதை யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது. அன்று கிணற்றிலிருந்து ஏறியவர்கள் பதினொரு பேர். உங்கள் பெரியவர் எண்ணியது சரி. பொய் சொன்னவன் நான்.